மாட்டினால் கூடுமா குதிரைத்திறன்?

1999 கோடையில் அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா வாங்கிய பலருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. 320 குதிரைத்திறன் என்று சொல்லி விற்கப்பட்ட கார், திறனை அளக்கும் டைனோ உருளைகளில் ஏற்றி ஓட்டிப் பார்த்தபோது அந்தக் கணக்குக்கு வரவில்லை. புகார்கள் பெருகின. ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த 4.6 லிட்டர் வி8 எஞ்சினை யாரும் பிரிக்கவில்லை, பிஸ்டனைத் தொடவும் இல்லை. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டை மாற்றினார்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் புகைக்குழாயை மாற்றினார்கள். எஞ்சின் கணினிக்குப் புது நிரல் ஏற்றினார்கள். பழைய மேனிஃபோல்டின் உள்ளே வார்ப்பில் எஞ்சிய அலுமினியப் பிசிறு காற்றின் வழியைக் குறுக்கியிருந்தது. வழி திறந்ததும் விடுபட்ட திறன் வந்து சேர்ந்தது.

எஞ்சினைப் பிரிக்காமல் திருகி மாட்டும் உதிரிகளைத்தான் கார்ப் பிரியர்கள் போல்ட்-ஆன் என்கிறார்கள். கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், ஹெட்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், பெரிய த்ராட்டில் பாடி, ட்யூனிங் பெட்டி, இன்னும் எத்தனையோ. ஒன்றாலும் பயனில்லை, எல்லாம் ஏமாற்று என்று சொல்பவர்களுக்கு அந்தக் கோப்ரா நல்ல பதில். அட்டைப்பெட்டியில் 15 குதிரைத்திறன் கூடும் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்புகிறவர்களுக்கும் அதிலேயே பாடம் இருக்கிறது. அந்த எஞ்சினில் காற்று ஓரிடத்தில் உண்மையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. உங்கள் காரில் அப்படி எங்காவது சிக்குகிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. விற்பவர் அதைக் கேட்பதில்லை. வாங்குபவருக்கும் பெரும்பாலும் கேட்கத் தோன்றுவதில்லை.

திறன் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். நம் சாலைகளில் ஏராளமாக ஓடும் மாருதி ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த ஸ்விஃப்டில் இருந்த கே12 எஞ்சினின் கொள்ளளவு 1197 சிசி. நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் ஒரு சுற்றுக்குப் பாதிக் கொள்ளளவு, அதாவது சுமார் 0.6 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் 3600 லிட்டர். நொடிக்கு 60 லிட்டர். 30 டிகிரி வெப்பத்தில் அதன் எடை சுமார் 70 கிராம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக நொடிக்கு ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவான பெட்ரோலைத்தான் அந்தக் காற்றால் எரிக்க முடியும். ஒரு கிராம் பெட்ரோலில் ஏறக்குறைய 43 கிலோஜூல் ஆற்றல் உண்டு என்பதால், நொடிக்கு 200 கிலோஜூல், அதாவது 200 கிலோவாட் அளவு வெப்பம் பிறக்கிறது. பெரும்பகுதி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விட, 30 சதவீதம் போல் கிராங்க் தண்டுக்கு வருகிறது: 60 கிலோவாட் சொச்சம். நிறுவனம் சொல்லும் எண் 61 கிலோவாட், அதாவது 83 குதிரைத்திறன். சில்லறை இழப்புகளையெல்லாம் விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குதான். ஆனாலும் இவ்வளவு நெருங்கி வருகிறது.

இந்தக் கணக்கில் கைவைக்க நான்கே இடங்கள் உண்டு. கூடுதல் எடையுள்ள காற்றை உள்ளே அனுப்பலாம். எஞ்சினை இன்னும் வேகமாகச் சுற்றவிடலாம். எரியும் வெப்பத்திலிருந்து கூடுதல் பங்கை வேலையாக மாற்றலாம். உராய்விலும், காற்றை இழுத்துத் தள்ளுவதிலும் வீணாவதைக் குறைக்கலாம். ஒரு உதிரி இந்த நான்கில் எதையும் செய்யவில்லை என்றால், அதன் மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் குதிரைத்திறன் கூடாது. இந்தக் கணக்கு உண்மையா என்று சந்தேகப்படுகிறவர்கள் டர்போ இல்லாத காரில் ஊட்டிக்கு ஏறிப் பார்க்கலாம். 2240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எஞ்சினின் உச்சத் திறனும் ஏறக்குறைய அதே அளவுக்கு இறங்குகிறது. எந்த உதிரியையும் யாரும் கழற்றவில்லை, காற்றுதான் குறைந்தது.

ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குவோம், அதிகம் விற்பது அதுதான். எஞ்சின் காற்றை இழுக்கும்போது ஃபில்டர் சிறிது தடுக்கிறது, அந்த அளவுக்கு அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஒழுங்காக வடிவமைத்த காரில், சுத்தமான காகித ஃபில்டர் முழு வேகத்தில் தின்பது அதில் ஓரிரு சதவீதம்தான். ஃபில்டரையே கழற்றி எறிந்தாலும் அந்த ஓரிரு சதவீதத்துக்கு மேல் கிடைக்க வழியில்லை. 83-இல் அது ஒன்றரைக் குதிரைத்திறன் அளவு. எந்தத் துணியில் செய்த ஃபில்டரும், ஃபில்டரே இல்லாததைவிட நன்றாகக் காற்றை விட்டுவிடாது. பெட்டியில் உள்ள 15 எங்கிருந்து வரும்?

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. பெரும்பாலான இன்றைய கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூக்கு முன் கிரில்லுக்குப் பக்கத்தில், வெளிக்காற்றை நோக்கித்தான் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டினால், எஞ்சினின் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே போகும். 10 டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். மே மாதத்தில், நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரின் பானெட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்பது ஓட்டுபவர்களுக்குத் தெரியும். காசு கொடுத்துத் திறனைக் குறைத்துக்கொள்ளும் வேலை இது. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்கள் பொதுவாகக் காகிதத்தைவிட அதிகத் தூசியைக் கசியவிடுகின்றன. அளவுக்கு மீறி எண்ணெய் தடவினால் காற்றின் அளவை அறியும் சூட்டுக்கம்பி உணரியிலும் அது போய்ப் படியும். நம் சாலைத் தூசி பிஸ்டன் வளையங்களுக்கு நல்லதல்ல.

அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினால் கதை வேறு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எரிபொருள் தெளிப்பு முறையுள்ள புதிய கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் குறையவில்லை. கணினி காற்றின் அளவுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் புது ஃபில்டர் போட்டதும் வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் காகித ஃபில்டர் செய்த வேலை இது. பல ஆயிரம் கொடுத்துக் கூம்பு ஃபில்டர் மாட்டியவர்கள் ‘பிக்கப் ஏறிவிட்டது’ என்று சொல்லும்போது, அவர்கள் கழற்றிப் போட்ட பழைய ஃபில்டர் எந்த நிலையில் இருந்தது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

புகை வெளியேறும் பக்கத்தில் வாய்ப்புச் சற்று அதிகம், அதற்கும் எஞ்சினின் காலம் முக்கியம். பழைய எஞ்சின்களில் நான்கு சிலிண்டரின் புகையும் ஒரு குட்டையான வார்ப்பிரும்புக் குழாயில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வெளியேறும். அதற்குப் பதிலாக, சிலிண்டருக்கு ஒரு தனிக்குழாயாக ஒரே நீளத்தில் வளைத்துக் கொண்டுபோய் ஓரிடத்தில் சேர்ப்பதுதான் ஹெட்டர். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடும்போது அதன் பின்னால் பிறக்கும் தாழ்வழுத்தம், அடுத்த சிலிண்டரில் தங்கிய புகையையும் இழுத்துக்கொண்டு போகும். காலியான இடத்தில் புதுக்காற்று கூடுதலாக நிறையும். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து எஞ்சின்களுக்கு இது அசலான லாபத்தைத் தந்தது. கார்புரேட்டரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் இருந்த எஞ்சின்களில், தேர்ந்த கை செய்ய வேண்டிய வேலை நிறையவே மிச்சம் இருந்தது.

இன்று அந்த மிச்சம் சுருங்கிவிட்டது. பல புதிய எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்படுகிறது. ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போவும் ஃபோர்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்டும் அப்படிப்பட்டவை. அங்கே ஹெட்டர் மாட்டத் தனியாக இடமே இல்லை. சைலன்சரை மட்டும் மாற்றும்போது டர்போ இல்லாத சிறிய எஞ்சினில் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சத்தம் கூடியதும் வண்டி வேகமாகப் போவதாக நம் காது நம்மை நம்பவைக்கிறது. கூம்பு ஃபில்டரின் உறுமலும் அதையே செய்கிறது. நள்ளிரவில் குடியிருப்புத் தெருவில் போகும் அந்தச் சத்தத்துக்கு விலை கொடுப்பவர்கள் வண்டிக்காரர்கள் மட்டுமல்ல.

எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 20 குதிரைத்திறன் கூடியது என்ற செய்தி பெரும்பாலும் அமெரிக்காவின் பெரிய வி8 எஞ்சின்களிலிருந்து வருகிறது. 400-க்கு மேல் திறனுள்ள அந்த எஞ்சின்களில் நீளக்குழாய் ஹெட்டரும், அதற்கேற்ப எஞ்சின் கணினியின் நிரலை மாற்றும் ரீமேப்பும் சேர்ந்து 20 கொடுப்பது நடக்கக்கூடியதே. அது 5 சதவீதம். அதே 5 சதவீதம் ஸ்விஃப்டில் நான்கு. விளம்பரம் 20-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறது, எஞ்சினை அங்கேயே விட்டுவிடுகிறது.

குதிரைத்திறன் என்ற அளவே வழுக்கக்கூடியது. 1972-க்கு முன் அமெரிக்க நிறுவனங்கள் ஏர் கிளீனர், ஆல்டர்னேட்டர், முழுப் புகைக்குழாய் எதுவும் இல்லாமல் வெற்று எஞ்சினை மேடையில் ஓடவிட்டு அளந்த மொத்தத் திறனைத்தான் விளம்பரப்படுத்தின. 1971-இல் காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் எஞ்சின் அந்த முறையில் 365. காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் மாட்டி அளந்தால் 235. ஒரே எஞ்சின், 130 வித்தியாசம். மாட்டும் பொருள்கள் திறனை எவ்வளவு தின்னக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். அந்தக் காலத்தில் மீட்டெடுக்க நிறைய இருந்ததால்தான் போல்ட்-ஆன் வியாபாரமே அங்கே செழித்தது. அந்தப் புகழின் நிழலில்தான் இன்றைய உதிரிகளும் விற்கின்றன. 2001-இல் மாஸ்டா தன் எம்எக்ஸ்-5 காருக்கு 155 என்று அறிவித்துவிட்டு, பிறகு 142 என்று திருத்தி, வேண்டாம் என்பவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. பெரிய நிறுவனத்தின் எண்ணே 13 பிசகும்போது, முகவரியில்லாத பெட்டியின் எண்ணை எதை வைத்து நம்புவது?

டைனோ வரைபடம் காட்டுகிறார்களே என்று கேட்கலாம். டைனோ நல்ல கருவி, காட்டுபவர் நேர்மையாக இருக்கும்வரை. அன்றைய வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, அளந்த எண்ணைத் திருத்தித்தான் வரைபடம் வரைகிறார்கள். எஸ்ஏஇ ஜே1349 என்ற தர அளவு 25 டிகிரி வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. அமெரிக்காவில் இன்னும் புழங்கும் பழைய தர அளவு இதைவிடக் குளிர்ந்த, அடர்ந்த காற்றை அடிப்படையாகக் கொண்டது. அதே எஞ்சினுக்கு அது ஏறக்குறைய 4 சதவீதம் அதிகம் காட்டும். முதல் ஓட்டத்தைப் புதிய தர அளவிலும் அடுத்ததைப் பழையதிலும் அச்சிட்டால், ஒரு திருகைக்கூடத் தொடாமல் 4 சதவீதம் ‘கூடிவிடும்’. சூடான எஞ்சினில் முதலில் ஓட்டிவிட்டு, ஆறவைத்து மறுபடி ஓட்டினாலும் கூடும். டயர் காற்று, கியர், முன்னால் வைக்கும் மின்விசிறி, பானெட் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதெல்லாம் எண்ணை அசைக்கும். எதையும் மாற்றாமல் அடுத்தடுத்து ஓட்டினாலே ஓரிரு சதவீதம் ஏறி இறங்குவது இயல்பு. ஃபில்டர் தருவதாகச் சொல்லும் லாபம் அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எடை குறைந்த சக்கரம் மாட்டினால்கூட உருளை டைனோ கூடுதல் எண் காட்டும். வண்டி சற்று வேகமாகக் கிளம்பும் என்பது உண்மை. எஞ்சின் திறன் கூடவில்லை என்பதும் உண்மை.

டர்போ எஞ்சினுக்கு வந்தால் என் குரல் மாறும். டர்போ இல்லாத எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவை வளிமண்டலம் தீர்மானிக்கிறது. டர்போ எஞ்சினில் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கணினியில் எழுதிவைத்த எல்லை. அந்த எல்லையை உயர்த்தினால் காற்று கூடும், அதற்கேற்ப எரிபொருளும் கூடும், திறன் மெய்யாகவே கூடும். நிறுவனங்களே இதற்குச் சாட்சி. ஃபோக்ஸ்வாகனின் 1 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சின் ஐரோப்பாவில் 95, 110, 115 என்று பல அளவுகளில் விற்கப்பட்டது. ஃபியட் உருவாக்கி, மாருதியும் தயாரித்த 1248 சிசி டீசல் எஞ்சின் ஸ்விஃப்டில் 75, எர்டிகாவிலும் சியாஸிலும் 90. அங்கே டர்போவின் வகையும் மாறியது என்பதைச் சொல்லிவிட வேண்டும்: 90-இல் இருந்தது இதழ்களின் கோணம் மாறும் டர்போ. சரியான கையில் செய்யும் ரீமேப் டர்போ காரில் 15 முதல் 30 சதவீதம் வரை திறனைக் கூட்டுவது சாதாரணம். டர்போ இல்லாத காரில் அதே ரீமேப் சில சதவீதத்தோடு நின்றுவிடும். கிணற்றில் ஊற்று அவ்வளவுதான் என்றால், வாய்க்காலை வெட்டி அகலமாக்கித் தண்ணீரைக் கூட்ட முடியாது.

டர்போ காரில் எல்லையை உயர்த்திய பிறகுதான் மற்ற உதிரிகளுக்கும் அர்த்தம் பிறக்கிறது. பெரிய இன்டர்கூலர் அழுத்திய காற்றைக் குளிர்வித்து அடர்த்தியைக் காக்கிறது. டர்போவை ஒட்டிய அகலமான டவுன்பைப் அது சீக்கிரம் சுழல வழிவிடுகிறது. எல்லையை மாற்றாமல் இதே உதிரிகளை மாட்டினால் கணினி தன் பழைய எல்லையிலேயே நிறுத்திவிடும். ட்யூனிங் பெட்டிகள் குறுக்குவழியில் வேலை செய்கின்றன: உணரி அனுப்பும் அளவைக் குறைத்துக் காட்டி, கணினியைக் கூடுதல் அழுத்தம் தரவைக்கின்றன. திறன் கூடத்தான் செய்கிறது. எஞ்சினின் உண்மை நிலை கணினிக்கே தெரியாமல் போவதுதான் விலை. கரும்புகை, சூடேறும் டர்போ, வழுக்கும் கிளட்ச் எல்லாம் பின்னால் வரும். ஆக்ஸிலரேட்டர் பெடலில் மாட்டும் பெட்டி வேறு வகை. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாக அது சொல்கிறது. முழுக்க மிதித்தால் இரண்டும் ஒன்றுதான். திறன் துளியும் கூடாது.

சூப்பர்சார்ஜரும் டர்போ கிட்டும் திருகி மாட்டுகிற பொருள்தான், அவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் வேலை செய்கின்றன. வளிமண்டலத்துக்கு மேல் அரை பார் அழுத்தம் கொடுத்தால் காற்றின் எடை 40 சதவீதம் போல் கூடும். நைட்ரஸ் ஆக்ஸைடும் அப்படியே. காற்றின் எடையில் 23 சதவீதம் ஆக்ஸிஜன், நைட்ரஸில் 36. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானங்கள் மெல்லிய காற்றுள்ள உயரத்தில் அதைத்தான் பயன்படுத்தின. ஆனால் ஒரு சாதாரண எஞ்சினின் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாட்டுவது எளிது, தாங்கவைப்பதுதான் முழு வேலை.

சுத்தப் பொய்களை விரைவாகத் தாண்டிவிடலாம். எரிபொருள் குழாயில் கட்டும் காந்தம், காற்றுக்குழாய்க்குள் வைக்கும் சுழல் இதழ், எர்த்திங் கம்பிகள், இரிடியம் ப்ளக் போட்டதால் மட்டும் கூடும் குதிரைத்திறன் எல்லாம் இந்த வகை. எரிபொருள் சேமிப்பதாகச் சொன்ன நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்தது. மிகச் சிலவற்றில்தான் ஏதோ சிறு பலன் தெரிந்தது. பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் 2005-இல் சுழல் இதழ்களை டைனோவில் வைத்துப் பார்த்தபோது உச்சத் திறன் குறைந்தது. காற்றின் வழியில் ஒரு தடையை வைத்தால் வேறென்ன நடக்கும்? காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் நைட்ரோ ஓபிடி2 என்ற கருவியைப் பிரான்சின் குவார்க்ஸ்லேப் நிறுவனத்தார் பிரித்துப் பார்த்தார்கள். காரின் கணினியோடு அது எதுவும் பேசவில்லை. விளக்குகளை மினுக்கியதோடு சரி. இணையக் கடைகளில் ‘பெர்ஃபார்மன்ஸ் சிப்’ என்று விற்பதில் சில, வெறும் ஒரு மின்தடை. உள்ளே வரும் காற்று குளிர்ந்திருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும் வேலைதான் அதற்கு.

சட்டத்தையும் மறக்க முடியாது. தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்தது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு ஓடும் கார் கக்கும் புகையைப் பின்னால் ஸ்கூட்டரில் வரும் குழந்தை சுவாசிக்கிறது. இரண்டு மூன்று குதிரைத்திறனுக்காக அதைச் செய்வதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் காருக்கு இந்தக் கட்டுப்பாடுகள் வேறு. இருங்காட்டுக்கோட்டையும் கோவையின் கரி ஸ்பீட்வேயும் இருப்பது அதற்காகத்தான்.

ஆக, டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் திறனுக்காக எதையும் மாட்ட வேண்டாம். பிக்கப் குறைந்ததாகத் தோன்றினால் புதுக் காகித ஃபில்டர், காலத்தில் மாற்றிய ஸ்பார்க் ப்ளக், சரியான டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்ற சோதனை, கம்ப்ரஷன் அளவு ஆகியவற்றை முதலில் பாருங்கள். டர்போ காரில் கூடுதல் திறன் வேண்டும் என்றால் கிளட்ச், வாரன்டி, காப்பீடு, சட்டம் நான்கையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ரீமேப்பை அறிந்த ஒருவரிடம் போங்கள். யாரிடம் எதை வாங்கினாலும் ஒரு நிபந்தனை வையுங்கள்: உங்கள் காரையே, ஒரே டைனோவில், ஒரே நாளில், ஒரே கியரில், ஒரே தர அளவில், மாட்டும் முன் மூன்று முறையும் மாட்டிய பின் மூன்று முறையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.